நகர்ப்பாட்டும் தொகுப்பாரும்: திருவெஃகா முதல் திரை வரை

நூலாகப் பிறக்கும் பாட்டு வேறு. நிகழ்ச்சியிற் பிறந்து வாய்வழியே பரவும் பாட்டு வேறு. முன்னது புலவன் வகுத்த வரிசையில் நின்று நிலைபெறுவது. பின்னது தான் பிறந்த இடத்தையும் பொழுதையும் விட்டு நீங்கியவுடன் உதிரியாகி விடுவது. நகர வாழ்க்கையைப் பாடிய பாட்டுகளிற் பல இப் பின்னை வகையைச் சேர்ந்தன. அவை இன்று நம் கைக்கு எட்டியமைக்குப் பாடினோர் திறம் மட்டுமன்றித் தொகுத்தோர் முயற்சியும் காரணமாகும். முகநூல் முதலிய சமூக ஊடகங்களில் நாள்தோறும் எழுதப்பெறும் நகர்ப்பாட்டுகளும் இவ்வகையினவே; ஆதலின் அவற்றுக்கும் தொகுப்பார் வேண்டும். இதனை வரலாற்று நெறியில் நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம். இருவகைப் பாட்டுக்கும் உரிய மரபுச் செய்திகளை ஒருங்கே உடைய நகர் காஞ்சிபுரம். எனவே ஆராய்ச்சியை அங்குத் தொடங்குதல் பொருந்தும்.

1. கச்சியில் இருவகைப் பாட்டு

கச்சி மாநகரின் சிறப்பைப் பத்துப்பாட்டிலேயே காண்கிறோம். தொண்டைமான் இளந்திரையன்மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, 500 அடிகளாற் பாணனை வழிப்படுத்தி அவ்வரசனது கச்சியிற் கொண்டு சேர்க்கிறது. திருமாலின் உந்தியில் மலர்ந்த தாமரையின் பொகுட்டுப் போல அந்நகர் விளங்கியது என்பது புலவர் கூறும் உவமை. இஃது அரசனை முன்னிறுத்தி எண்ணி இயற்றிய நெடும்பாட்டு.

நூல் அரங்கேறும் முறைக்கும் இந்நகர் சான்றாகிறது. குமரகோட்டத்தில் வழிபாடு செய்துவந்த கச்சியப்ப சிவாசாரியார் தம் கந்தபுராணத்தை அக்கோயிலிலேயே அரங்கேற்றினார் என்பர். முதற்செய்யுளின் புணர்ச்சியிலேயே அவையோர் தடை எழுப்பினர் என்பதும், வீரசோழிய விதி காட்டி அத்தடை நீக்கப்பட்டது என்பதும் வழிவழி வரும் செய்திகள். அரங்கேற்றம் என்பது கற்றோர் கூடிக் கேட்டுத் தடைவிடை நிகழ்த்திய பின்னரே ஒரு நூலை உலகிற்கு விடுக்கும் முறையாகும்.

இதற்கு முற்றும் மாறான பாட்டொன்றும் அந்நகருக்கு உண்டு. திருமழிசையாழ்வாரின் மாணாக்கர் கணிகண்ணர். தன்னைப் பாடுமாறு பல்லவ மன்னன் இட்ட ஆணையை அவர் ஏற்கவில்லை. அதனால் நகரை விட்டு நீங்குமாறு பணிக்கப்பட்டார். அதனை அறிந்த ஆழ்வார், திருவெஃகாவிற் பள்ளிகொண்ட பெருமாளை நோக்கி, மாணாக்கன் போகின்றமையின் நீயும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு எழுக என்னும் பொருள்படப் பாடினார். பெருமாளும் எழுந்து உடன் நடந்தார். நகர் பொலிவிழந்தது. மன்னன் பிழையுணர்ந்து வேண்ட, மூவரும் மீண்டனர். மீண்டபொழுது ஆழ்வார் முன்பாடிய பாட்டையே சில சொற்களை மட்டும் மாற்றிப் பாடி, பெருமாளைப் பாம்பணை விரித்துப் பள்ளிகொள்ளச் செய்தார். குருபரம்பரை நூல்கள் கூறும் செய்தி இது. பெருமாளுக்குச் சொன்னவண்ணம் செய்தவர் என்னும் பெயரும், அவர்கள் ஓரிரவு தங்கிய ஊருக்கு ஓரிக்கை என்னும் பெயரும் இதனால் வந்தன என்பர்.

இந்நிகழ்ச்சி வரலாற்றில் நடந்ததோ என்பது ஈண்டு வினா அன்று. பாட்டின் இயல்பே நம் கருத்துக்கு உரியது. இப்பாட்டு ஒரு நகரில் ஒரு நாள் நேர்ந்த நிகழ்ச்சியிற் பிறந்தது. ஒருமுறை கேட்டு நினைவிற் கொள்ளுமளவு சிறியது. நிலைமை மாறியவுடன் சொல் மாறி மீண்டும் வெளிவந்தது. அரங்கேற்றமும் தடைவிடையும் இதற்கு இல்லை. இவ்விரு பாட்டுகளும் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்துள் இடம்பெற்றில. தம்மைச் சூழ்ந்த கதையுடன் சேர்ந்தே உயிர் வாழ்கின்றன. குமரகோட்டத்து நூலும் திருவெஃகாப் பாட்டும் ஒரே நகரின் இரண்டு இலக்கிய நெறிகள் என்க.

2. இழந்த நகர்ப்பாட்டுகள்

உதிரியான பாட்டு எளிதில் அழியும் என்பதற்குப் பரிபாடல் சான்று. அந்நூல் 70 பாடல்களை உடையது என்றும், அவற்றுள் வையைக்கு 26, மதுரைக்கு 4 என்றும் ஒரு பழைய வெண்பா வகுத்துரைக்கிறது. இன்று முழுமையாகக் கிடைப்பன 22 பாடல்களே. திருமாலுக்கு 6, செவ்வேளுக்கு 8, வையைக்கு 8 என அவை அமைந்துள்ளன. மதுரை நகரையே பொருளாகக் கொண்ட நான்கனுள் ஒன்றேனும் ஏட்டுச்சுவடியில் முழுமையாக எஞ்சவில்லை. அந்நகர் பற்றிய சில பகுதிகளைப் புறத்திரட்டு என்னும் பிற்காலத் தொகைநூல் எடுத்தாண்டமையால் மட்டுமே நாம் அறிகிறோம். 1918இல் உ. வே. சாமிநாதையர் பரிபாடலைப் பதிப்பித்தபொழுது நகர்ப்பாட்டின் இவ்விழப்பு நிகழ்ந்து பல நூற்றாண்டுகள் கழிந்திருந்தன.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். கடவுளைப் பாடிய பாட்டுக்கு வழிபாடு காவலாக அமையக்கூடும். அரசனைப் பாடிய பாட்டுக்கு அவன் குடி காவலாகலாம். தெருவையும் அங்காடியையும் கூட்டத்தையும் பாடிய பாட்டுக்கு இத்தகைய காவல் இயல்பாக அமைவதில்லை. அதனைத் தொகுப்பவனே காத்தல் வேண்டும்.

3. தொகையும் தனிப்பாடலும்

நம் பழைய இலக்கியத்திற் பெரும்பகுதி தொகுப்பாரின் கொடை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார்; தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. குறுந்தொகையைத் தொகுத்தவன் பூரிக்கோ. நற்றிணையைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி. இவர்கள் பாட்டுகளை அடியளவு கொண்டு வகுத்தனர். 4 அடி முதல் 8 அடி வரை குறுந்தொகை, 9 முதல் 12 வரை நற்றிணை, 13 முதல் 31 வரை அகநானூறு. பாடினோர் பெயர் தெரியாதவிடத்துப் பாட்டிலுள்ள அரிய தொடரையே பெயராக்கினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார் என்னும் பெயர்கள் அவ்வாறு வந்தன. பெயர் போயினும் பாட்டுப் போகாதவாறு காத்த நெறி இது.

இடைக்காலத்துத் தனிப்பாடல்களும் இவ்வாறே பிழைத்தன. 15ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் காளமேகப் புலவர், நாகையிற் காத்தான் சத்திரத்தில் உணவு வரக் காலந்தாழ்த்ததை இகழ்ந்து பாடினார் என்பதும், பின் அவ்வெண்பாவுக்கே புகழ்ச்சியாகவும் பொருள் உரைத்தார் என்பதும் யாவரும் அறிந்த செய்தி. ஊருக்குப் புதியவன் ஒருவன் சத்திரத்தில் உற்ற பசி, ஒரு வெண்பாவாகி நாடெங்கும் பரவியது. இரட்டைப் புலவர்கள் காஞ்சியைப் பொருளாகக் கொண்டு ஏகாம்பரநாதர் உலா என்னும் நூலையும் யாத்தனர். ஊர்தோறும் சென்று தனிப்பாடல்களையும் பாடினர். உலா நூலாக நின்றது. தனிப்பாடல்கள் கேட்டோர் நாவில் உலவின. இத்தகைய பாடல்களை 19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் விருப்பப்படி தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராயர் தனிப்பாடற்றிரட்டு எனத் தொகுத்திராவிடில், காளமேகத்தின் சத்திர வெண்பாவும் பரிபாடலின் மதுரைப் பாட்டும் ஒரே கதியை அடைந்திருக்கும். பின்னர் மு. இராகவையங்கார் பெருந்தொகையில் 2000க்கு மேற்பட்ட பழம்பாடல்களைத் திரட்டியதும் இந்நெறியின் தொடர்ச்சியே.

4. அச்சும் முச்சந்தியும்

அச்சு மலிந்த பின்னர் நகர்ப்பாட்டு மலிவான தாளில் ஏறியது. சென்னையின் குஜிலிக் கடைகளில் விற்ற சிறு பாட்டுப் புத்தகங்கள் புகைவண்டி, வெள்ளம், பஞ்சம், தீவிபத்து, கொலை வழக்கு ஆகியவற்றைச் சிந்தாகவும் கும்மியாகவும் பாடின. முச்சந்தியில் ஒருவர் பாடிக்காட்ட, சூழ நின்றோர் சில காசு கொடுத்து வாங்கினர். கற்றோர் இவற்றைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை, நூலகங்கள் சேர்க்கவில்லை. எனினும் பல எஞ்சியுள்ளன. காரணம் இலக்கிய ஆர்வம் அன்று. அச்சிடும் நூல்களின் படியை அரசுக்கு அளிக்க வேண்டும் என 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம் விதித்தது. அதன்வழிச் சென்ற படிகள் இலண்டன் வரை சென்று சேர்ந்தன. கோட்டையூர் ரோஜா முத்தையா போன்ற தனியார் தம் வாழ்நாளைச் செலவிட்டுச் சேர்த்த நூல்களும் உதவின. அவர் திரட்டிய செல்வம் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. இவ்வாறு எஞ்சியவற்றைக் கொண்டே ஆ. இரா. வேங்கடாசலபதி முச்சந்தி இலக்கியம் என்னும் ஆய்வை 2004இல் வெளியிட முடிந்தது.

பிறநாட்டிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி உண்டு. 1749இல் பாரிசு நகரில் மன்னன் பதினைந்தாம் லூயியை இகழும் பாட்டுகள் கைத்தாளாகவும் மனப்பாடமாகவும், மக்கள் அறிந்த மெட்டுகளில் அமைந்த இசைப்பாட்டாகவும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சென்றன. காவலர் அவ்வழியைப் பின்தொடர்ந்து 14 பேரைச் சிறையிட்டனர். அவ்விசாரணை ஏடுகளைக் கொண்டு இராபர்ட்டு டார்ண்டன் 2010இல் எழுதிய நூல், மின்கருவி ஏதுமின்றியே ஒரு மாநகரிற் செய்தி வலை இயங்கிய வகையை விளக்குகிறது. அங்குக் காவலர் ஏடே தொகைநூல் ஆயிற்று. அரசின் ஐயத்தாலும் பதிவுச் சட்டத்தாலும் பாட்டுக் காக்கப்படுதல் தற்செயலே. கற்றோர் செய்ய வேண்டிய பணியை வேறொருவர் வேறு நோக்கத்தோடு செய்தனர் என்பதே உண்மை.

சிற்றிதழ்க் காலத்திலும் தொகுத்தலின் ஆற்றல் புலப்படுகிறது. சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய எழுத்து ஏட்டில்தான் மாநகர வாழ்வின் நெருக்கடியைப் பாடும் சி. மணியின் நரகம் வெளிவந்தது. அவ்வேட்டில் வந்த கவிதைகளிற் சிலவற்றைத் தேர்ந்து 1962இல் புதுக்குரல்கள் எனத் தொகுத்தவரும் செல்லப்பாவே. புதுக்கவிதை ஓர் இயக்கமாகக் கருதப்பட்டமைக்கு அத்தொகுப்பும் ஒரு காரணம்.

5. திரையில் நகர்ப்பாட்டு

இனி, சமூக ஊடகத்துக்கு வருவோம். ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றமையும், 2003 முதல் தமிழ் வலைப்பதிவுகள் பெருகியமையும், பின்னர்க் கைபேசியிலேயே தமிழ் எழுத வசதி வந்தமையும் இதற்கு வழி வகுத்தன. 2010ஐ அடுத்த ஆண்டுகளில் முகநூல் தமிழ்க் கவிதையின் பெருங்களம் ஆயிற்று. மனுஷ்யபுத்திரன் நாள்தோறும் என்னுமாறு முகநூலிற் கவிதை எழுதி, அவற்றைப் பெருந்தொகுதிகளாக அச்சிற் கொணர்ந்தமை யாவரும் அறிந்தது. உலக அளவில், கனடாவில் வாழும் ரூபி கவுர் இன்ஸ்டாகிராமிற் படத்தோடு வெளியிட்ட சிறு கவிதைகளால் புகழ்பெற்றார். 2014இல் அவர் தாமே வெளியிட்ட நூல் பின்னர்ப் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது.

இக்கவிதைகளின் இயல்புகளை நோக்கின் அவை தனிப்பாடலின் இயல்புகளோடு பெரிதும் ஒத்திருத்தல் காணலாம். முதலாவது, நிகழ்ச்சிச் சார்பு. மழை, நெரிசல், தேர்த்திருவிழா, வாடகை உயர்வு ஆகிய அன்றன்றைய செய்தியே பொருளாகிறது. இரண்டாவது, அளவு. ட்விட்டர் முதலில் 140 குறிகளுக்குள் எழுதப் பணித்தது. 2017இல் அதனை 280 ஆக்கியது. தமிழில் மெய்யெழுத்தும், அகரம் ஒழிந்த உயிர்மெய்யும் பெரும்பாலும் இரண்டு குறிகளாக எண்ணப்படும். அவ்வாறு எண்ணியும் ஒரு நேரிசை வெண்பாவின் 15 சீர்கள் 280க்குள் எளிதில் அடங்கும். அடியளவால் தொகை வகுத்த மரபினர்க்கு இவ்வளவுக் கட்டு புதிதன்று. மூன்றாவது, பெயர் நீங்கல். வாட்ஸப்பில் ஒருவர்க்கொருவர் அனுப்பும்பொழுது எழுதியவர் பெயர் விரைவில் உதிர்கிறது. அல்லது புகழ் பெற்றோர் பெயர் ஒட்டிக்கொள்கிறது. பாடினோர் அறியாத வெண்பாக்கள் ஔவையார்மீதும் கம்பர்மீதும் ஏற்றப்பட்டதுபோல, சொன்னோர் அறியாத பொன்மொழிகள் இக்காலத்தில் அப்துல் கலாம் பெயரால் உலவுகின்றன. நான்காவது, பாட வேறுபாடு. பெறுவோர் சொல்லை மாற்றி மீண்டும் விடுக்கின்றனர். திருவெஃகாவில் பாட்டின் சொல் மாறியது புலவர் நாவிலேயே. இங்கு அது எவர் கையிலும் மாறும்.

காஞ்சிபுரத்தில் இதனைப் பெரிய அளவிற் காணும் வாய்ப்பு 2019இல் நேர்ந்தது. அனந்தசரசு நீரினுள் வைக்கப்பட்டிருக்கும் அத்திவரதர் திருமேனி, 1979க்குப்பின் 40 ஆண்டு கழித்து, 2019 சூலை 1 முதல் வெளியே எழுந்தருளப்பெற்றது. சூலையில் கிடந்த கோலமும் ஆகத்தில் நின்ற கோலமும் ஆகக் காட்சி தந்தபின் ஆகத்து 17இல் மீண்டும் நீரினுள் வைக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வந்தனர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. 1979இல் கைபேசி இல்லை. 2019இல் துதியும் நகையும் குறைகூறலும் படத்தோடு கலந்து கைபேசிதோறும் பரவின. ஒரு கோயில் நகரின் தெருக்கள் 48 நாள் எவ்வாறு இருந்தன என்பதைப் பிற்காலத்தார் அறிய விரும்பினால், அரசின் ஆணைகள் கூட்டத்தின் அளவைச் சொல்லும். கூட்டத்தினுள் நின்றோர் மனத்தை அப்பாட்டுகளே சொல்லும்.

தறியின் செய்தியும் இத்தகையதே. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் குடும்பங்களில் இளையோர் பலர் தறியை விட்டுத் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளுக்குச் செல்லுதல் பல ஆண்டுகளாக எழுதப்பட்டு வருகிறது. பாவு, ஊடை, நாடா, அச்சு, கோர்வை, பெட்னி, சரிகை எனத் தறியைச் சூழ்ந்த சொற்கள் அத்தொழில் அறிந்தோர் எழுத்திலேயே உயிரோடு வரும். கூலியையும் விலையையும் கணக்கேடுகள் காட்டும். தந்தையின் தறிக்குழி மூடப்பட்ட நாளை மகன் எவ்வாறு நினைந்தான் என்பதை எக்கணக்கேடும் காட்டாது. அவன் அதனை எழுதுவானாயின் இன்று எழுதும் இடம் பெரும்பாலும் திரையே.

6. காவலற்ற ஏடு

திரையில் எழுதியது என்றும் அழியாது என்னும் எண்ணம் மக்களிடையே உண்டு. வரலாறு இதனை மறுக்கிறது. பலர் தம் வலைப்பக்கங்களை அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. இந்தியரிடையே பெரிதும் வழங்கிய ஆர்க்கூட்டு 2014 செப்டம்பர் 30இல் நின்றது. கூகுள் பிளசு 2019 ஏப்பிரலில் முடிந்தது. உழைக்கும் மக்கள் பலர் பாடியும் நடித்தும் தம் ஊரைக் காட்டிய டிக்டாக் 2020 சூன் 29இல் இந்திய அரசால் தடை செய்யப்பட்டது. ஓலைச்சுவடி கறையானுக்கு இரையாகப் பல ஆண்டு ஆகும். இவ்வூடகங்களில் எழுதியோர்க்கோ, சில திங்கள் முன்னர் விடுத்த அறிவிப்பே எல்லை ஆயிற்று. டிக்டாக்கிற்கு அந்த இடைவெளியும் இல்லை.

பேரரசின் நூலகமும் இச்சுமையைத் தாங்கவில்லை. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2010இல் ட்விட்டரில் வரும் எல்லாச் செய்திகளையும் சேர்க்க உடன்பட்டது. 2018 சனவரி 1 முதல் தேர்ந்தவற்றை மட்டுமே சேர்ப்பதாக முடிவை மாற்றியது. எல்லாவற்றையும் சேர்த்தல் இயலாது. தேர்ந்து தொகுத்தலே இயலும் என்பது இதனாற் பெறப்படும். தேர்ந்து தொகுத்தலாவது பூரிக்கோவும் சந்திரசேகர கவிராயரும் செய்த பணியே.

7. தடையும் விடையும்

இப்பாட்டுகளுட் பெரும்பாலன பிழை மலிந்தன, யாப்பற்றன, விரைவில் எழுதி மறக்கப்படுவன. அவற்றைத் தொகுத்தல் வீண் எனச் சிலர் தடை கூறலாம். குஜிலிப் புத்தகங்களைப் பற்றியும் கற்றோர் இவ்வாறே கருதினர். அவ்வெண்ணத்தால் எத்தனை நூல்கள் அழிந்தன என்பதைக் கணக்கிடவும் இன்று வழியில்லை. மேலும், தொகுத்தல் புகழ்தல் ஆகாது. தொகுத்தபின்னரே தரம் காண முடியும். தொகுக்கப்படாததன் தரத்தை எவரும் ஆராய்தல் இயலாது.

மற்றொரு தடை வலியது. இப்பாட்டுகள் எவர் கண்ணில் படவேண்டும் என்பதை ஊடக நிறுவனத்தின் கணிமுறை முடிவு செய்கிறது. அவ்வாறாயின் பரவியதை மட்டும் தொகுப்பவன் அந்நிறுவனத்தின் தேர்வையே மீண்டும் எழுதுவான் அல்லனோ என்பது அது. இத்தடை ஏற்கத்தக்கது. ஆதலின் பலர் விரும்பியதை மட்டும் தொகுத்தல் கூடாது. ஓர் ஊரை எல்லையாகக் கொண்டு, அவ்வூரார் எழுதியவற்றை, விருப்பக்குறி மிகினும் குறையினும் ஒருங்கே நோக்கித் தொகுத்தல் வேண்டும்.

பழைய தொகுப்பார்க்கு இல்லாத ஒரு கடமையும் நமக்கு உண்டு. காளமேகத்தைக் கேட்டுத் தொகுக்க இயலாது. இன்று எழுதுவோர் உயிருடன் உள்ளனர். அவர்தம் இசைவு பெறாமல் தொகுத்தல் முறையன்று. இசைவு பெற்றவிடத்துப் பாட்டுடன் நாள், இடம், நிகழ்ச்சி, உடன்வந்த படம், பாட வேறுபாடு, படித்தோர் மறுமொழி ஆகியவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். திருவெஃகாப் பாட்டுக்கு அதன் கதை போன்றது இப்பாட்டுகளுக்கு இக்குறிப்பு. குறிப்பு இன்றேல் பாட்டுக் கிடைப்பினும் பொருள் கிடையாது.

இப்பணி பெருஞ்செல்வம் வேண்டுவதன்று. ஒவ்வொரு தமிழ்த்துறையும் தன் மாணவர் இருவரையேனும் தத்தம் ஊரின் திரைப்பாட்டுகளைத் தொகுக்குமாறு பணித்தல் கூடும். காஞ்சிபுரத்துக் கல்லூரிகள் 2019இன் அத்திவரதர் பெருவிழாப் பாட்டுகளையும் நெசவாளர் தெருக்களிற் பிறந்த பாட்டுகளையும் கொண்டு தொடங்குதல் தகும். எழுதியோர் பலர் அவ்வூரிலேயே வாழ்கின்றனர். கைபேசிகளிற் பாட்டுகள் சில இன்னும் இருத்தல் கூடும். பரிபாடலின் மதுரைப் பாட்டு நான்கும் முழுமையாக இருந்த காலத்தில் அவற்றைப் படியெடுக்க ஒருவர் முன்வந்திருப்பின் இன்று நாம் இவ்விழப்பைப் பேசவேண்டியதில்லை. கச்சியின் பாட்டுகளுக்கு அக்காலம் இன்னும் கடந்துவிடவில்லை.